அணி வகுத்தல்: போக்கிமான் ஆட்டம் பற்றிய ஒரு கட்டுரை

அணி என்றவுடன் தமிழ் பயிலும் எம்மனோர்க்கு உவமையும் உருவகமும் நினைவிற்கு வருதல் இயல்பு. யான் ஈண்டுக் கூறப்புகுவது அவ்வணியைப் பற்றியதன்று; போர்க்களத்தில் நிறுத்தப்பெறும் அணியைப் பற்றியதாகும். அப்போர்க்களமும் மண்மேல் உள்ளதன்று. இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு விளையாட்டுப் பொறியின் திரையில் உள்ளது. போக்கிமான் என்பது அவ்விளையாட்டின் பெயர். இது சிறுவர்க்குரியதன்றோ என்று எண்ணி இப்பக்கத்தைப் புரட்ட விரும்பும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. யானும் அங்ஙனம் எண்ணியிருந்தவனே. எண்ணியதன் பயனை எம் விடுதியின் மேன்மாடியில் ஒரு சனிக்கிழமையிரவு அடைந்தேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஜப்பான் நாட்டினராகிய சதோஷி தாஜிரி என்பவர் இளமையில் வண்டு முதலிய பூச்சிகளைத் தேடிச் சேர்ப்பதில் பேரார்வம் உடையவராயிருந்தார். அவ்வார்வத்தையே கருவாகக் கொண்டு, கேம் ஃப்ரீக் என்னும் நிறுவனத்தின் வாயிலாக, 1996-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிண்டெண்டோவின் கேம்பாய்ப் பொறிக்கு இவ்வாட்டத்தை அவர் ஆக்கியளித்தார். கற்பனைப் பிராணிகளைப் பிடித்தலும், பழக்குதலும், பிறருடைய பிராணிகளோடு பொருதச் செய்தலும் இவ்வாட்டத்தின் தொழில்கள். முதற்கண் 151 வகையாயிருந்த பிராணிகள் இன்று ஆயிரத்திற்கு மேற்பட்டன. தனித்து ஆடுவோன் தனக்குப் பிடித்த ஏதேனும் ஒரு பிராணியை மிகுதியாகப் பழக்கிக் கதையின் இறுதிவரை எளிதிற் சென்றுவிடலாம். மனிதன் மனிதனோடு ஆடும் போட்டியோ வேறொரு கலை. 2009-ஆம் ஆண்டுமுதல் நடைபெற்றுவரும் உலகப் போட்டிகளில் இரட்டையர் போர்முறையே கொள்ளப்படுகின்றது. அஃதாவது, ஒவ்வொரு பக்கத்திலும் இவ்விரண்டு பிராணிகள் ஒரே வேளையிற் களத்தில் நிற்கும்.

விதிகளைச் சுருக்கமாகக் கூறுவேன். ஆடுவோன் ஒவ்வொருவனும் ஆறு பிராணிகளைக் கொண்டுவருவான். ஒரே வகையில் இரண்டு கூடா. ஒவ்வொன்றும் ஒரு பொருளைத் தாங்கலாம். ஒரே பொருளை இரண்டு தாங்குதல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு உத்திகளே உண்டு. யாவும் ஐம்பதாம் படியில் நிறுத்தப்பெறும்; ஆதலின் எத்தனை திங்கள் உழைத்து உயர்த்தியிருப்பினும் அவ்வுயர்வு செல்லாது. போர் தொடங்குமுன் இருவரும் எதிரியின் ஆறனையும் கண்ணுறுவர். கண்டபின் தம் ஆறனுள் நான்கைத் தெரிந்து, அந்நான்கனுள் முதற்கண் நிற்பவை எவ்விரண்டு என்றும் முடிவு செய்வர். ஆறனுள் நான்கைத் தெரியும் வழி 15. அந்நான்கனுள் முன்னிற்கும் இரண்டைத் தெரியும் வழி 6. ஆகவே ஓர் அணி 90 வகையாகக் களத்திற் புகலாம். இத்தொண்ணூறனையும் மனத்திற் கொண்டே அணி வகுக்கவேண்டும்.

இனி அச்சனிக்கிழமைக்கு வருவோம். 2022-இல் வெளிவந்த ஸ்கார்லெட் என்னும் பதிப்பினை யான் அப்பொழுதுதான் ஆடி முடித்திருந்தேன். எங்கள் விடுதியிற் பொருளாதாரம் பயிலும் மூத்த மாணவர் ஒருவர், அண்ணன் என்றே நாங்கள் அனைவரும் அழைப்போம், இவ்வாட்டத்திற் கைதேர்ந்தவர். அவரை வெல்லவேண்டும் என்னும் ஆசை எனக்கு. பிராணி ஒவ்வொன்றுக்கும் உயிர்நிலை, தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, விரைவு என ஆறு அடிப்படை எண்கள் உள. அவற்றின் கூட்டுத்தொகையைப் பார்த்தேன். கார்சோம்ப், சாலமென்ஸ், டிராகனைட், ஹைட்ரைகன், டிராகபல்ட், பாக்ஸ்காலிபர் ஆகிய ஆறுக்கும் கூட்டுத்தொகை 600. அவ்வாறனையுமே சேர்த்தேன். இதனினும் வலிய அணி யாண்டுளது என்று இறுமாந்திருந்தேன்.

அண்ணன் என் ஆறனையும் திரையிற் கண்டார். “என்ன தம்பி, எல்லாம் ஒரே குடும்பமா?” என்று மட்டும் கேட்டார். அவர் முன்னிறுத்தியவை சில்வியான், ஹாட்டரீன் என்னும் இரண்டு. முன்னதன் தொகை 525. பின்னதன் தொகை 510. யான் சாலமென்ஸையும் கார்சோம்பையும் விடுத்து இரண்டனுக்கும் டிராகன் தாக்குதலைக் கட்டளையிட்டேன். இரண்டும் ஒரு சிறிதும் தாக்கவில்லை. ஏனெனின் சில்வியானும் ஹாட்டரீனும் தேவதைத் தன்மை உடையன. அத்தன்மை உடையவற்றின்மேல் டிராகன் தாக்குதல் சுழியாய் முடியும். மறுதலையாகத் தேவதைத் தாக்குதல் டிராகன் தன்மை உடையவற்றின்மேல் இருமடங்காய் விழும். சில்வியானின் குரலோ எதிர்நிற்கும் இரண்டன்மீதும் ஒருங்கே பாய்வது. அச்சுற்றின் இறுதியில் ஹாட்டரீன் ‘டிரிக் ரூம்’ என்னும் உத்தியைச் செய்தது. அதன்பின் சில சுற்றுக்கு விரைவு குறைந்ததே முந்தி அடிக்கும். விரைவெண் 142 உடைய என் டிராகபல்ட், 29 உடைய ஹாட்டரீனுக்குப் பின் நிற்கலாயிற்று. எதனைச் செல்வமென்று எண்ணினேனோ அதுவே சுமையாயிற்று. கார்சோம்பின் நிலநடுக்கத்தால் அவ்விரண்டையும் தாக்கியிருக்கலாம் என்பது விளக்கை அணைத்துப் படுத்தபின்னரே நினைவுக்கு வந்தது.

தோல்வியின் காரணத்தை யான் ஆராய்ந்தபோது முதலிற் புலப்பட்டது தன்மைகளின் தொடர்பு. 2013-ஆம் ஆண்டிலே தேவதைத் தன்மை சேர்க்கப்பட்டபின் தன்மைகள் பதினெட்டாயின. நீர் நெருப்பையும், நெருப்புப் புல்லையும், புல் நீரையும் வெல்லும் என்பது சிறுவனும் அறிவான். ஒரு பிராணிக்கு இரு தன்மை இருத்தலும் உண்டாகையால் கணக்குப் பெருகும். கியராடாஸ் என்னும் பிராணி நீரும் பறவையுமாம். மின் தாக்குதல் இரண்டன்மேலும் இருமடங்காதலின் அதன்மேல் நான்கு மடங்காய் விழும். கார்சோம்ப் டிராகனும் நிலமுமாதலின் பனித் தாக்குதலுக்கு அதே நிலை. ஆயின் நிலத்தன்மையால் மின் தாக்குதல் அதனைத் தீண்டவும் செய்யாது. குறையில்லாத பிராணி என்று ஒன்றில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று ஏற்கும்படி அடுக்குதலே அணி வகுப்போன் செய்யவேண்டுவது. என் ஆறு டிராகன்களும் ஒரே குறையை ஆறுமுறை எழுதிவைத்தாற் போன்றன.

அடுத்தது விரைவு. இதனை விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனின் புதிதாய் ஆடுவோர் மிகுதியும் புறக்கணிப்பது இதுவே. ஸ்கார்லெட், வயலட் பதிப்புகளில் ஒவ்வொரு பிராணிக்கும் 510 பயிற்சிப் புள்ளிகள் வரை வழங்கலாம். ஓர் எண்ணிற்கு 252-க்கு மேற்படலாகாது. அன்றியும் இருபத்தைந்து குணங்களுள் ஒன்று பிராணிக்கு அமையும். அவற்றுட் பெரும்பாலான ஓரெண்ணைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி மற்றோரெண்ணை அவ்வளவே குறைக்கும். கார்சோம்பின் அடிப்படை விரைவு 102. முழுப் பயிற்சியும் உரிய குணமும் பெற்றால் ஐம்பதாம் படியில் அது 169 ஆகும். சாரிசார்டின் அடிப்படை விரைவு 100. அதே பயிற்சியும் குணமும் பெற்றால் 167. இரண்டே புள்ளி! ஆயினும் எந்நாளும் முந்தி அடிப்பது கார்சோம்பே. முந்தி அடித்து வீழ்த்தினால் எதிரிக்கு அடிக்கும் வாய்ப்பே இல்லை. இவ்விரண்டு புள்ளியைக் கருதி ஆண்டுக்கணக்கில் எத்தனையோ பேர் தம் அணிகளை அமைத்துள்ளனர். விரைவே வேண்டாமென்று துறந்து, டிரிக் ரூமை நம்பி மந்தமானவற்றையே சேர்ப்பாரும் உளர். என் அண்ணன் அவ்வினத்தார். இரண்டு வழியும் நல்லனவே. பாதி விரைவும் பாதி மந்தமுமாக எண்ணமின்றிக் கலப்பது மட்டும் ஆகாது.

விரைவற்றதும் விரைவுள்ளதும் முறையறிந்து கலந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் இணையைக் காட்டுவேன். டார்கோல் என்னும் நெருப்பாமையின் விரைவெண் 20. அது களத்திற் புகுந்த மாத்திரத்தில் ஐந்து சுற்றுக்கு வெயில் எறிக்கும் ஆற்றலுடையது. வெயிலில் நெருப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்காகும். வீனசார் என்னும் பிராணிக்கோ வெயிலில் விரைவு இரட்டிக்கும் ஆற்றல் அமைவதுண்டு. ஆகவே ஆமை வெயிலைத் தர, வீனசார் அவ்வெயிலால் எவரையும் முந்திப் பகைவனை உறங்கவைக்க, அவ்வுறக்கத்தின்கண் ஆமை தன் எரிமலையைக் கக்கும். எரிமலை என்னும் அவ்வுத்தி உயிர்நிலை நிறைந்திருக்கும்போதே முழுவலி உடையது. அடிபட அடிபடக் குறையும். அடிபடாமற் காப்பது வீனசாரின் கடன். தனித்தனியே நிறுத்தினால் இரண்டும் அவ்வளவு அஞ்சத்தக்கன அல்ல.

இக்கலையின் வரலாற்றில் யான் மிகுதியும் போற்றுவது 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டி. அவ்வாண்டு விதிப்படி கலோஸ் என்னும் கற்பனை நாட்டின் பட்டியலில் உள்ள பிராணிகளே கொள்ளத்தக்கன. தென்கொரியா நாட்டுப் பார்க் செ-ஜுன் என்பார் கார்சோம்ப், கியராடாஸ், டாலன்பிளேம், கார்டவார், கோதிடெல் என்னும் ஐந்தனோடு ஆறாவதாகப் பச்சிரிசு என்னும் சிறு அணிலைச் சேர்த்துக்கொண்டு வந்தார். பச்சிரிசுவின் கூட்டுத்தொகை 405. தாக்கெண் 45, சிறப்புத் தாக்கெண்ணும் 45. தனித்தாடுவோர் பலர் அழகுக்காகச் சில நாள் வைத்திருந்து பின் கைவிடும் பிராணி அது. அவ்வணிலோடு ஆடி அவர் இறுதிப்போரில் அமெரிக்கராகிய ஜூடி அசரெல்லியை வென்று உலகத் தலைமை எய்தினார்.

இஃது அற்புதமன்று, கணக்கு. பச்சிரிசு செய்தது யாதெனில், ‘ஃபாலோ மீ’ என்னும் உத்தியால், பக்கத்திலிருக்கும் தோழன்மேல் எறியப்படும் தாக்குதலைத் தன்மேல் இழுத்துக்கொள்ளுதல். அதற்குரிய ஆற்றல்களுள் ஒன்று மின்னை உண்பது. மின் தாக்குதல் பட்டால் அது புண்படாதிருப்பதன்றி, உயிர்நிலையில் நான்கில் ஒரு பங்கு மீளவும் பெறும். இப்பொழுது கியராடாஸை நினைக்க. நான்கு மடங்கு மின்னுக்கு அஞ்சும் அப்பெருவிலங்கின் பக்கத்தே இவ்வணில் நின்றால், எதிரி எறியும் மின் அணிலுக்கு உணவாகும். எதிரி மின்னை எறியாதிருப்பானாயின் அதுவும் நன்றே; கியராடாஸை வீழ்த்தும் சிறந்த வழியை அவன் தானே துறந்தான். தாக்கெண் 45 என்னும் வறுமைக்கும் விடையுண்டு. ‘சூப்பர் ஃபேங்’ என்னும் உத்தி எதிரியின் எஞ்சிய உயிர்நிலையிற் சரிபாதியைக் கவர்வது. அடிப்பவனுடைய தாக்கெண்ணை அது கேட்பதில்லை. ‘நஸ்ஸில்’ என்னும் உத்தி பட்டால் எதிரி முடங்குவான். அந்நாளைய விதிப்படி முடங்கியவனின் விரைவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதற்கும் தாக்கெண் வேண்டா. ஆகவே தாக்கெண்ணைப் பற்றிக் கவலாது பயிற்சிப் புள்ளிகளை உயிர்நிலைக்கும் காப்பிற்குமே செலவிட இயலும். 252 புள்ளி வழங்கினால் ஐம்பதாம் படியில் பச்சிரிசுவின் உயிர்நிலை 135-இலிருந்து 167 ஆகும். தாங்கிநிற்பதே தொழிலாகக் கொண்டதற்கு அது பெருஞ்செல்வம்.

ஏனைய ஐந்தனையும் இவ்வாறே பிணைத்துப் பார்க்கலாம். கார்சோம்ப் டிராகன் தாக்குதலுக்கு அஞ்சும். கார்டவார் தேவதைத் தன்மை உடையதாகலின் அத்தாக்குதல் அதனைத் தீண்டாது. கார்டவார் எஃகிற்கு அஞ்சும். கார்சோம்பின் நிலமும் டாலன்பிளேமின் நெருப்பும் எஃகினை இருமடங்காய்த் தாக்கும். டாலன்பிளேம் பாறைக்கு நான்கு மடங்கு அஞ்சும். கார்சோம்பின்மேற் பாறை பாதியாகவே விழும். கார்சோம்பின் நிலநடுக்கம் பக்கத்துத் தோழனையும் தாக்குமெனினும் பறவைத் தன்மையால் டாலன்பிளேமைத் தீண்டாது. ஆனால் அதே நிலநடுக்கம் பச்சிரிசுவை இருமடங்காய்த் தாக்கும். ஆகவே இவ்விரண்டையும் சேர நிறுத்தினால் தன் கையே தன்னைக் குத்தாவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஓரணியை வாங்கிப் படிப்போர் இத்தகைய உட்பகைகளையும் படிக்கவேண்டும்.

யான் படிக்கவில்லை. பார்க்கின் அணியிலுள்ள ஆறும் ஸ்கார்லெட் பதிப்பில் உள்ளன என்று அறிந்தவுடன் அவ்வாறனையும் தேடிப் பிடித்து, உத்திகளையும் இயன்றவரை அப்படியே அமைத்து, ஒரு திங்கள் கழித்து அண்ணன்முன் அமர்ந்தேன். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றேன்.

இம்முறை தோல்விக்குக் காரணம் குடும்ப ஒற்றுமையன்று, காலம். 2014-இல் கியராடாஸ் போர் நடுவே மெகா வடிவெடுத்து நீரும் இருளுமாக மாறும். என் பதிப்பில் மெகா வடிவம் இல்லை. அந்நாளில் டாலன்பிளேமின் பறவை உத்திகள் யாவும் எப்பொழுதும் முந்திச் செல்லும். 2016-ஆம் ஆண்டுப் பதிப்புமுதல் உயிர்நிலை முழுதும் நிறைந்திருக்கும்போது மட்டுமே அவை முந்தும். ஒரு கீறல் பட்டாலும் அவ்வாற்றல் போம். முடங்கியவனின் விரைவும் அப்பதிப்புமுதற் பாதியாகவே குறைகின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஸ்கார்லெட் பதிப்பில் ஒரு போரில் ஒரு பிராணி தன் தன்மையையே மாற்றிக்கொள்ளலாம். அதனை டெராஸ்டல் என்ப. நிலத்தன்மை பூண்ட எதிரியின்மேற் பச்சிரிசுவின் நஸ்ஸில் பலிக்காது. அண்ணன் அதனையே செய்தார். பார்க் தம் அணியை வகுத்தது 2014-ஆம் ஆண்டு வாஷிங்டனில் தம்மெதிரே யார் யார் எவற்றைக் கொண்டு வருவர் என்று எண்ணி. எம் விடுதி மாடியை எண்ணியன்று. அவர் எழுதிய விடையை யான் எடுத்துக்கொண்டேன், கேள்வியோ மாறிவிட்டது. தேர்வில் இவ்வாறு செய்து மதிப்பெண் இழந்தோர் நம்முள் இலரோ?

ஊழிற்கும் இவ்வாட்டத்தில் இடமுண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஒவ்வோரடியின் அளவும் நூற்றுக்கு 85 முதல் 100 வரை பதினாறு படிகளுள் ஒன்றாக விழும். சில உத்திகள் பத்துமுறையில் ஒருமுறை குறிதவறும். ஆயினும் தேர்ந்தோர் இதனையும் கணக்கில் அடக்குவர். இன்ன எதிரியின் இன்ன அடியைப் பதினாறு படியுள் பதினைந்திற் பிழைத்திருக்க எத்தனை புள்ளி வேண்டுமோ அத்தனையே காப்பிற்கு வழங்கி, எஞ்சியதை விரைவிற்கு வைப்பர். அண்ணனுடைய குறிப்பேட்டில் இத்தகைய கணக்குகள் பக்கம் பக்கமாக உள்ளன. பொருளாதாரப் பாடக் குறிப்புகள் அதே ஏட்டின் பிற்பகுதியில், சற்றுக் குறைவாக.

இப்பொழுது யான் மூன்றாவது அணியை வகுத்துக்கொண்டிருக்கின்றேன். இம்முறை பிராணியிலிருந்து தொடங்கவில்லை. அண்ணன் எவற்றைக் கொண்டுவருவார் என்பதிலிருந்து தொடங்கினேன். ஹாட்டரீன் வரும், டிரிக் ரூம் வரும். ஆகவே அவ்வுத்தியைத் தடுக்கவோ, தடுக்க இயலாவிடின் அதன்கீழ் முந்தி அடிக்கவோ மந்தமானது ஒன்று வேண்டும். டார்கோலைச் சேர்த்தேன். அதனோடு வீனசாரைச் சேர்த்தேன். டிரிக் ரூம் எழுந்தால் ஆமை முந்தும். எழாவிடின் வீனசார் முந்தும். கார்சோம்பைக் கைவிட மனமில்லை. டார்கோல் அஞ்சும் பாறையைப் பாதியாக ஏற்கும் என்பதும் காரணம். ஹாட்டரீனும் சில்வியானும் எஃகிற்கு அஞ்சுவனவாதலின் எஃகுத் தன்மை உடையது ஒன்று நான்காவது. நெருப்பு வெயில் இரண்டையும் அடக்கும் நீர்ப் பிராணியை எதிரி கொண்டுவரின் என் செய்வது என்று எண்ணி, ஐந்தாவதாகப் பச்சிரிசுவையே மீண்டும் வைத்தேன். நீரின்மேல் மின் இருமடங்கு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இக்கட்டுரைக்குப் புறம்பானது.

ஆறாவது இடம் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது. சில்வியானின் குரல் இருவர்மேலும் ஒருங்கே பாய்வதாகலின் ஃபாலோ மீ அதனைத் தடுக்கமாட்டாது. அதனைத் தாங்குவது ஒன்று வேண்டும். அஃது ஏனை ஐந்தனோடும் பகையாதிருத்தலும் வேண்டும். இரண்டு பெயர் மனத்தில் உள. ஒன்றைச் சேர்த்தால் விரைவு குறைகின்றது; மற்றொன்றைச் சேர்த்தால் நிலத்தாக்குதலுக்கு அஞ்சுவன நான்காகின்றன. ஏப்ரல் திங்களில் அண்ணன் இறுதித் தேர்வெழுதிக் கல்லூரியை விட்டுச் செல்கின்றார். தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை ஓராட்டம் என்று வாக்களித்திருக்கின்றார். அதற்குள் ஆறாவதைக் கண்டாக வேண்டும்.